கழுவிக் கொடுத்த குழாய்

மார்ச் 3, திங்கள்

செம்பவாங்கில் ரயிலேறி, ஜூரோங் ஈஸ்டில் மாறி, துவாஸ் போய்ச் சேர்வதற்குள் பாதித் தூக்கம் முடிந்துவிடுகிறது. மீதியை உலைச் சத்தம் கெடுத்துவிடும். இன்று எட்டாவது சோதனை. கழிவுநீரில் படியும் கசட்டை உலர்த்தி, எண்ணூற்றைம்பது டிகிரியில் சுட்டு, வருகிற வாயுவில் மின்சாரம் எடுக்கிறோம். கசட்டில் ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். சூட்டில் அவை புகையோடு கிளம்புகின்றனவா என்று அளப்பது என் வேலை.

கபிலன் இதைச் சொல்லும் விதமே வேறு. "சிங்கப்பூர்ல எல்லாரும் ஃபிளஷ் பண்ணிட்டு மறந்துடறாங்க. அது கடைசில என் பொண்டாட்டி மேசைக்குத்தான் வருது லா."

வரட்டுமே. இருபது வருடமாக இவரைச் சகித்துக்கொண்டவளுக்குக் கசடு ஒரு பொருட்டா? காட்மியம் இன்றும் மிகக் குறைவு. சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

மார்ச் 5, புதன்

புகை மாதிரி எடுத்துத் தருகிற ரத்னவேல் அண்ணன் இன்றும் கண்ணாடிக் குழாயைப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். புகைபோக்கிக்குள் ஒரு மணி நேரம் வைத்துப் புகையை இழுக்கிற குழாய். உள்ளே ஒட்டியிருப்பதை அமிலம் விட்டு அலசி, அதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். முன்பு இருந்த ஆள் கிரீஸ் கைரேகையோடு தருவான். இவர் புதுக்கோட்டைக்காரர், நாற்பத்தைந்து வயது, கப்பல் பட்டறையில் பத்து வருடம் இருந்தவர். "உங்கள மாதிரி சுத்தமா யாரும் தந்ததே இல்லண்ணே" என்று வாய் நிறையப் பாராட்டினேன். மனிதருக்கு அவ்வளவு வெட்கம்.

மார்ச் 12, புதன்

எங்கோ உதைக்கிறது. சூட்டைக் கூட்டக் கூட்டச் சாம்பலில் காட்மியம் குறைகிறது. வடிகட்டியில் சிக்கிய தூசியிலும் கூடவில்லை. புகையிலும் இல்லை. பின்னே எங்கேதான் போனது? கருவியை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இருபதாம் தேதி கூட்டத்தில் சூட்டைத் தொள்ளாயிரத்துக்கு ஏற்ற அனுமதி தரப்போகிறார்கள். புகையால் ஆபத்தில்லை என்ற அறிக்கையில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

புகைபோக்கி மேடைக்கு ஏறலாம் என்று போனேன். கீழே தொட்டியடியில் ரத்னவேல் அண்ணன், சோப்பும் பாட்டில் பிரஷ்ஷுமாக, அந்தக் கண்ணாடிக் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கரி புடிச்சிருக்கு மேடம். அப்படியே உங்க கையில எப்படிக் குடுக்கிறது? ஒவ்வொரு தடவையும் நல்லாத் தேய்ச்சுதான் குடுப்பேன்."

ஒவ்வொரு தடவையும்! நான் தேடிய காட்மியம் சோப்பு நுரையோடு சாக்கடைக்கே திரும்பிப் போயிருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று. "என் வேலை பெர்மிட்டை கேன்சல் பண்ணிடுவாங்களா மேடம்?" என்றார். பிறகு புகை போகிற திசையை நிமிர்ந்து பார்த்தார். "நாங்க தங்கியிருக்கிற டார்மிட்டரி அந்தப் பக்கம்தான்."

அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பாராட்டினது யாரு? நான்தானே. கழுவாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லல. புகைக்குள்ள ஒரு மணி நேரம் இருந்த குழாய் எப்படிடீ பளபளன்னு வரும்னு ஒரு தடவையாவது யோசிச்சேனா — இத்தனை தடவைல?

மார்ச் 14, வெள்ளி

மேலாளர் ஆயிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நோன்பு வச்சிருக்கேன் சாமுண்டி, கோபப்படக் கூடாது. யாரு கழுவினது?"

"கழுவக்கூடாதுன்னு சொல்லித் தராதவ நான். அப்படித்தான் எழுதப்போறேன்."

"கூட்டத்துக்கு ஆறு நாள்தான் இருக்கு லா."

"தள்ளிப் போடுங்க. அறிக்கையை நான் வாபஸ் வாங்கறேன். அவரை மட்டும் மாத்தாதீங்க. அவ்வளவு அக்கறையா வேலை செய்ய வேற ஆள் கிடைக்க மாட்டாங்க."

மதியம், மறுசோதனைக்கு எவ்வளவு அமிலம் வேண்டும் என்று கேட்டு ஆயிஷா செய்தி அனுப்பினார். போன உயிர் திரும்பி வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கினேன். வீட்டில் கீரையை அலசும்போது தானாகச் சிரித்துவிட்டேன். கபிலன் எட்டிப் பார்த்து, "அதைக் கழுவலாம் லா, தப்பில்ல" என்றார்.

மார்ச் 27, வியாழன்

மறுசோதனை. கூட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கழுவாத குழாய் கரேலென்று வந்தது. காட்மியம் வரம்பைப் போல மூன்று மடங்கு. ஆயிஷா எண்ணைப் பார்த்தார், அவரே போய் உலையை நிறுத்தச் சொன்னார். தொள்ளாயிரத்துக்கு ஏற்றியிருந்தால்?

சோதனை நாட்களில் ரத்னவேல் அண்ணன் அறை ஜன்னலைத் திறக்க விடுவதில்லையாம். பன்னிரண்டு பேர் அந்த வெக்கையில் அவரைத் திட்டிக்கொண்டே படுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கசட்டோடு வெள்ளைக் களிமண் கலந்து, சூட்டையும் குறைத்துச் சுட்டோம். களிமண் உலோகத்தைப் பிடித்துச் சாம்பலிலேயே நிறுத்திவிடுமாம். காட்மியம் வரம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு இறங்கியிருக்கிறது. போதாது. இன்னும் கொஞ்சம் களிமண், புது வடிகட்டி.

ஏப்ரல் 24, வியாழன்

புது வடிகட்டி மாட்டிய பிறகு இன்று வந்த குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது.

"அண்ணே…"

"சத்தியமா தண்ணியே படல மேடம்! நீங்க கேப்பீங்கன்னு தெரியும்." கைபேசியை நீட்டினார். குழாயை வெளியே எடுத்தது, இரு முனையும் மூடியது, பையில் போட்டது, எல்லாம் வீடியோவாக இருந்தது.

அமிலம் விட்டு மூன்று முறை அலசினேன். மாலை நான்கு மணிக்கு எண் வந்தது. வரம்பில் பாதிகூட இல்லை. ஆயிஷாவுக்கு அனுப்பினேன். அறிக்கையில் மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் முதல் முறையாக ரத்னவேல் என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் ஆய்வக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். அப்படியே திரும்பி அறைக்குப் போன் போட்டார்.

"டேய், ஜன்னலத் தொறங்கடா."