பழுது என்று எழுதுகிறவன்

ஞாயிறு, இரவு. மலேசியா, கேமரன் மலை, தேயிலை எஸ்டேட் லைன் வீடு.

காலையில் கோயில் பூஜை நடுவே கரண்டு போய் ஒலிபெருக்கி நின்றது. லீவில் வந்திருக்கும் என்னை எல்லோரும் பார்த்தார்கள். சிங்கப்பூரில் நான் கரண்டு கம்பெனியில் இருப்பதாக அம்மா லைன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

உண்மையில் அது நிதி நிறுவனம். மின்நிலையங்களின் கரண்டை மொத்தமாக வாங்கி விற்கிறோம். நன்றாக ஓடும் நிலையத்தைப் பழுது என்று சொல்லி நிறுத்தவைத்து, தட்டுப்பாட்டில் விலையை ஏற்றினோம் என்று எங்கள் மேல் விசாரணை. வெறும் குற்றச்சாட்டுதான் என்று வக்கீல் சொல்லச் சொல்கிறார். அந்தப் பழுது அறிவிப்புகளை எழுதியவன் நான். நல்ல நடை என்று மேலாளர் பாராட்டியிருக்கிறார்.

"படிச்ச பிள்ளை, நீ பாரு லா," என்றார் கோயில் தலைவர்.

மெயின் பெட்டியைத் திறந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "பெரிய பழுது" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

கொழுந்து பறிக்கும் அடுத்த வீட்டு அத்தை என்னை விலக்கி, துடைப்பக் கட்டையால், கீழே விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினாள். ஒலிபெருக்கி பாடியது.

"ஒண்ணுமே இல்லாததுக்கு ஏன்டா பழுதுன்னு சொன்ன?"

பொங்கல்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விசாரணை அதிகாரியும் இதையேதான் கேட்டார். அவருக்கு வக்கீல் பதில் சொன்னார். அத்தைக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

நாளை ஆறு மணிக்கே அவள் வேலைக்குப் போய்விடுவாள். நான் ஏழு மணிக்கு எழலாம் என்று இருக்கிறேன்.