ஐந்தாவது தலை

1670, ஆறாம் மாதம், 2-ம் நாள்

காலையில் பால் கறந்தேன். வெண்ணெய் திரளவில்லை. மத்தியானம் சிறையிலிருந்து ஒருவன் வந்தான். சைலஸ் காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னான். சொல்லிவிட்டுக் குடிக்க மோர் கேட்டான். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

3-ம் நாள்

என் புருஷன் செய்த குற்றம் சும்மா உட்கார்ந்திருந்தது. ராஜாவின் பாதிரியார் நடத்தும் கோயிலுக்குப் போகாமல், எங்கள் ஜனங்களோடு ஒரு வீட்டில் கூடி, பேசாமல் கடவுளுக்குக் காத்திருந்தது. குளிர்காலத்தில் ஊர்க்காவலன் கில்பர்ட் வந்து தலைகளை எண்ணிப் பிடித்துப்போனான். வழக்கில் சத்தியம் செய்யச் சொன்னார்கள். நாங்கள் செய்வதில்லை, ஆம் என்றால் ஆம். நீதிபதிக்கென்று தொப்பியையும் கழற்றவில்லை, கடவுளுக்கு மட்டும்தான் கழற்றுவோம். அதற்குத்தான் சிறை.

5-ம் நாள்

கோயில் தோட்டத்தில் இடம் தருவதாகப் பாதிரியார் சொல்லி அனுப்பினார். ஆனால் அவருடைய ஜெபப் புத்தகத்தை அவர் வாசிப்பாராம். வேண்டாம் என்றேன். சைலஸ் நட்ட பிளம் மரத்தடியில் புதைத்தோம்.

இப்போது புதுச் சட்டம். வீட்டாரைத் தவிர ஐந்து பேர் ஜெபத்துக்குச் சேர்ந்தால் அது தடைசெய்த கூட்டம். அதில் பேசினவருக்குத்தான் பெரிய அபராதம். குழியைச் சுற்றி ஒன்பது பேர் மௌனமாக நின்றோம். கில்பர்ட் வேலியோரம் விரல் விட்டு எண்ணினான். சைலஸோடு விலாங்கு பிடித்து வளர்ந்தவன்.

"யாரும் எதுவும் பேசலையே அண்ணி? வெறும் அடக்கம்னு சொல்லிட்டுப் போயிடறேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நல்லா எண்ணு. குழிக்குள்ள கிடக்கிறவரையும் சேத்து எண்ணு. நீ எண்ணித்தான அவர் செத்தார்? கடவுள் பாத்துக்கிட்டுத்தான் இருக்கார்." இன்னும் என்னென்னவோ கத்தினேன்.

அவனோடு வந்த கோயில் ஆள் பல்லைக் காட்டினான். "கடவுள் பேரு வந்துருச்சு. இது பிரசங்கம்."

6-ம் நாள்

நெசவுக்கார ரேச்சல் வந்தாள். எங்கள் கூட்டத்தில் சேர்ந்ததிலிருந்து சிநேகிதி. "உன்னைப் பேச வச்சது கடவுளோட ஆவியா, ஆத்திரமா?" என்றாள்.

ஆத்திரம்தான். ஏன், எனக்கு வரக்கூடாதா?

11-ம் நாள்

அபராதத்துக்கு மாடு, கட்டில், வெண்ணெய் கடையும் பீப்பாய் எல்லாம் போயிற்று. அடுப்பிலிருந்த கஞ்சியைத் தரையில் கொட்டிவிட்டுப் பானையை எடுத்தான் கோயில் ஆள். சைலஸின் தொப்பியையும் கேட்டான். எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன்.

"கழட்டு."

"அவரே நீதிபதி முன்னாடி கழட்டல. உனக்கா கழட்டுவேன்?"

12-ம் நாள்

தூக்கமில்லை. மாடு கத்துவதுபோலவே இருக்கிறது.

17-ம் நாள்

சந்தையில் ஏலம். என் மாட்டை ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். கசாப்புக்காரர் ஹம்ஃப்ரி மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல மாடுதான். பாதிரியார் வேணா கறந்து குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாராம். கடைசியில் வேறு ஊருக்கு ஓட்டிப்போனார்கள்.

21-ம் நாள்

இன்று ஓய்வுநாள். என் வீட்டில், வெறுந்தரையில் கூடினோம். என்னைத் தவிரப் பத்துப் பேர். மறுபடி பிடிபட்டால் அபராதம் இரட்டிப்பு. மிச்சமிருக்கும் வீடும் போகும். வரவேண்டாம் என்று ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

கில்பர்ட் வந்தான். மழைக்காகக் கோயில் ஆள் வாசல் மரத்தடியிலேயே நின்றுவிட்டான். கில்பர்ட் உள்ளே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வெளியே திரும்பி, உரக்கச் சொன்னான்.

"நாலு பேர்."

கதவை அவனே சாத்திவிட்டுப் போனான். ரேச்சல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலு. குளிர்காலத்திலும் அவனுக்கு இப்படி எண்ணத் தெரிந்துதான் இருந்திருக்கும்.