ஆறாவது கம்பி

வியாழன், ஆரம்பாக்கம்.

ஆலை லேபில் கட்டடக் கம்பிகளை இழுத்து உடைத்து வலிமை பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் ஹார்ட்டிஸ்கின் ஃபைல் சிஸ்டம் எதையும் முதலில் ஓரத்தில் குறித்துக்கொண்டுதான் எழுதும், நடுவில் கரண்ட் போனாலும் தப்பிவிடும். பென்டிரைவில் இருப்பதற்கு அந்தப் புத்தி கிடையாது. ஆபீசுக்கு எடுத்துப்போக வசதி என்று நேராகப் பென்டிரைவில் சேமித்தவள் நான்தான். இப்போது செருகினால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது; ரீடிங் எல்லாம் போயிற்று. உடைந்த கம்பியை மறுபடி உடைக்க முடியாது. மீதிச் சரக்கெல்லாம் லாரியில் ஏறிவிட்டது.

போய்ச் சொன்னேன். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எப்பவும் வர்ற ரீடிங்தானம்மா? ஞாபகம் வெச்சி எழுதிக் குடு. லாரி நின்னுக்கினு கீது."

எழுதிக் கொடுத்தேன். லாரி போய்விட்டது.

ஆறாவது கம்பி மட்டும் தாங்க வேண்டிய அளவு தாங்காமல் சீக்கிரமே உடைந்தது. பார்த்தது நான் ஒருத்திதான். அதற்கு நான் போட்ட எண்ணை இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை.