பையைப் பார்க்கச் சொன்னாங்க, அக்கா

என் செல்லம்மா அக்காவுக்கு,

இத்தாலி போய்விட்டு வந்து பத்து நாளாகிறது. ஊட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். போட்டோவைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நாம் ரெண்டு பேரும் சேர்ந்து பெயர் கொடுத்த பயணம் இது. நீ கண்ணை மூடி எட்டு மாதம் கழித்து நான் தனியாகப் போனேன். எந்த ஊருக்குப் போனாலும் பெரிய கட்டடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்தெருவுக்குள் நுழைந்துவிடுவாயே, அதே மாதிரி ஒரு தெருவையாவது உனக்காக நடந்து பார்க்கணும் என்று நினைத்திருந்தேன்.

பலேர்மோ, கடலோரத்துப் பழைய நகரம். பெரிய நாடக அரங்கத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி ரெண்டு மணி நேரம் விட்டார்கள். "துறைமுகத்துப் பக்கம் யாரும் போயிராதீங்க. அகதிங்க, திருடனுங்க இருக்கற ஏரியா" என்றார் எங்களைக் கூட்டிப்போன டூர் மேனேஜர்.

எல்லோரும் ஐஸ்கிரீம் வாங்கப் போனார்கள். நான் துறைமுகத்துப் பக்கம்தான் போனேன். போர்கோ வெக்கியோ என்று அந்தக் குடியிருப்புக்குப் பெயர். உனக்குப் பிடித்திருக்கும் அக்கா. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு அம்மா கயிற்றில் கூடையை இறக்கி ரொட்டி வாங்கினாள். வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு நாலு பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன சொல்லியிருப்பாள்?

மீன் கடை முன்னால் ஈரக் கல்லில் வழுக்கி, "ஐயோ முருகா" என்று விழுந்துபோட்டேன். கணுக்கால் சுளுக்கு. கறுத்த பெண் ஒருத்தி ஓடி வந்து தோளைப் பிடித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

"பயப்படாதேங்கோ அம்மா. மெல்ல எழும்புங்கோ" என்றாள்.

தமிழ்! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யோகம் என்று பெயர். இலங்கையில் வவுனியாவிலிருந்து போனவள். இருபது வருடமாக அங்கே வீடுகளில் துப்புரவு வேலை. மீன்காரரிடம் அவர் பாஷையிலேயே பேசி ஐஸ் வாங்கி, தன் துப்பட்டாவால் என் காலில் கட்டினாள். வேலைக்கு நேரமாகியும் என்னைத் தாங்கிக்கொண்டு பஸ் வரைக்கும் நடந்தாள்.

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், மொதல்ல பேக்ல எல்லாம் இருக்கான்னு பாருங்க."

அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது. "தம்பி, எனக்கும் தமிழ் விளங்கும்."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். நான் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. கேக்காம இந்த பஸ் நகராது."

"டைம் ஆச்சுங்க மேடம்..."

"ஆகட்டுங்க."

கதவை மூட முடியாமல் டிரைவர் கத்தினார். கடைசியில் போனைப் பார்த்தபடியே "சாரிங்க" என்றார் மேனேஜர். யோகம் என் கையை அழுத்தினாள். "விடுங்கோ அம்மா, பழகிட்டுது."

ஏன் பழகணும் அக்கா? இத்தனை வருடம் ஊரார் வீடுகளைக் கூட்டித் துடைத்தவளுக்கு, சொந்த பாஷைக்காரர்கள் வந்து கொடுக்கிற மரியாதை இதுதானா?

ஊர் வந்து சேர்ந்தால், டூர்க்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் "வழிதவறிய பயணியை எங்கள் குழு பத்திரமாக மீட்டது" என்று என் போட்டோவோடு போட்டிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன். குரூப்பிலிருந்தே என்னை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அவர்களைத் திட்டுவதோடு முடிக்க முடியவில்லை. வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு யாரும் ஊடு வாடகைக்கு விடக்கூடாது என்று போன வருடம் நம்ம கணபதி வீதியில் எழுதி வாங்கினார்களே, "உனக்கு வெக்கமா இல்லையா அம்மணி?" என்று என்னைக் கேட்டுவிட்டு நீ பேனாவைத் தொடவே இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். உன்னோடு நாலு நாள் பேசாமலும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீதிக் கூட்டம். எழுந்து நின்று அந்தக் காகிதத்தில் என் பெயரை அடிக்கச் சொல்லப் போகிறேன். நீ இருந்த மாடி போர்ஷனை ஒரிசாக் குடும்பம் ஒன்று கேட்டிருக்கிறது. புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. நாளைக்கே வந்து பார்க்கச் சொல்லிவிட்டேன். சண்டை வரும். வரட்டும். இந்தத் தடவை நான் உன் பக்கம்தான் நிற்பேன்.

உன் பேச்சைத் தாமதமாகக் கேட்கிற தங்கச்சி,
ருக்மணி