துறைமுகத் தண்ணீரில் ஒரு வாய்

நம் பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா?

நேற்று நான் வேலை பார்க்கும் இந்த ஊர்த் துறைமுகப் படியில் நான், என்னோடு கேன்டீனில் சமைப்பவள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து ஃபோர்மேன், இவ்வளவு பேர்தான் இருந்தோம். காற்று வாங்கப் போன இடத்தில் சறுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டேன். பயப்படாதீர்கள், இடுப்பளவுதான். ஒரு வாய் குடித்தும்விட்டேன்.

"சாக்கடைய அப்படியே விட்ட காலத்துல விழுந்திருந்தா நேரா ஆஸ்பத்திரிதான் பாட்டி" என்று ஃபோர்மேன் சிரித்தார். "இப்ப சுத்தம் பண்ணித்தானே விடுறோம்."

வாயில் வெறும் உப்புதான் கரித்தது. கல்யாணமான புதிதில் நம் துறையில் இருவரும் முங்கிக் குளித்தபோது கரித்த அதே உப்பு.

அங்கே நம் ஊரிலும் இப்படியொரு நிலையம் கட்ட, நாம் வலை காயப்போடும் இடத்தைக் கேட்கிறார்களாமே. வீம்பு பண்ணாமல் கொடுத்துவிடுங்கள். தலைக்குத் தேய்க்க எண்ணெய் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் நம் வீட்டு வாசனை இல்லை.

உலை கொதிக்கிறது, முடிக்கிறேன். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். "கடல் பெருசு, தாங்கும்" என்று ஊர்ச் சாக்கடையை நம் துறைக்குத் திருப்பிவிட்ட உங்கள் அண்ணனை மட்டும் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.