மாற்று ஆள் வருமுன் எழுந்துவிட்ட அம்மாவுக்கு

சோறு வடிக்கிறபோது இன்னும் வாய் தானாகக் கூப்பிட்டுவிடுகிற என் அம்மாவுக்கு,

மண்ணூரில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. கம்பெனி பஸ் நம் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. கம்பெனி லைனில் உன்னோடு வேலை செய்த தோழிகள் என்னைப் பார்த்தால் ஜன்னல் வழியாகக் கை ஆட்டுகிறார்கள். நான் ஒரகடத்து வேலையிலேயே இருக்கிறேன். தங்கச்சி மலர் பதினொன்றாவது போகிறாள். உன் நைட்டி அவளுக்குக் கணுக்காலுக்கு மேல் நிற்கிறது, அவ்வளவு வளர்ந்துவிட்டாள்.

மலரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். போர்க்காலத்து நர்ஸ் ஒருத்தியின் கதை. குண்டு விழுகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள். நடக்க முடியாதவர்களோடு இவள் மட்டும் தங்கிவிடுகிறாள். நான் வெங்காயம் நறுக்க, மலர் அடுப்பு மேடையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். "உங்க கம்பெனில சைரன் அடிச்சா, நீதான்க்கா ஃபர்ஸ்ட்டு கேட்டாண்ட நிப்ப" என்று கிண்டல் வேறு. சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

புத்தகம் முடிந்ததும் அவள் பேச்சு நின்றுவிட்டது. தட்டில் போட்டது அப்படியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். "அந்த நர்ஸு போகல. நா போயிட்டேன்" என்றாள்.

நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் உன் லைன் சட்டம்தானே அம்மா. மாற்று ஆள் வந்து பக்கத்தில் நிற்காமல் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அடுப்பில் பால் இருந்தாலும் அதே, ரேஷன் கடை வரிசையிலும் அதே. ஆஸ்பத்திரியிலும் நானும் அவளும் அப்படித்தான் மாறி மாறி உன் பக்கத்தில் இருந்தோம்.

கடைசி நாள் மட்டும் அவள் நான் வருமுன் எழுந்துவிட்டாள். பத்தாவது கணக்குப் பரீட்சை. முகம் கழுவிவிட்டு வந்தவளிடம், "அக்கா போன் பண்ணா, கீழ கேட்டாண்ட வந்துட்டாளாம். நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்" என்று சொன்னாயாமே. இது எனக்கு அந்த மாடியில்தான் தெரிந்தது. இத்தனை மாதமும் நான் கீழே டீ குடித்துக்கொண்டு நின்றதாக அவள் நினைத்திருக்கிறாள். என்மேல் கோபம். நான் படியேறி வரும்வரை காத்திருக்கவில்லையே என்று தன்மேல் அதைவிடக் கோபம்.

நான் போனே பண்ணவில்லையே அம்மா. ஷிஃப்டில் இருந்தேன். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? நான் வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

சொல்வதா, விடுவதா? சொன்னால் உன்னைப் பொய்க்காரி ஆக்க வேண்டும். விட்டால் அவள் அதைச் சுமந்துகொண்டே இருப்பாள். சொல்லிவிட்டேன். "நா போன் பண்ல மலரு. அம்மாதான் பொய் சொல்லிக்கீது."

அவள் மடித்த துண்டையே பிரித்துப் பிரித்து மடித்தாள். "ஆள் வரலன்னு தெரிஞ்சேவா அனுப்புச்சி? பரீட்சைக்காகவா, இல்ல நா பாக்கக்கூடாதுன்னா?"

எனக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரிந்திருந்ததா, அன்றுதான் என்று?

துண்டை அடுக்கில் வைத்துவிட்டு அவளே சொன்னாள். "புக்குல கூட ஒருத்தர் அந்த நர்ஸ போயிடுன்னு சொல்வாருக்கா. அவ கேக்க மாட்டா. நா கேட்டுட்டேன்."

அம்மா சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்த்த பிள்ளை. வேறென்ன செய்வாள்? அந்தக் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். யார் கேட்டாலும் சொல்வதில்லை.

இப்போது சாப்பிடுகிறாள். என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். ஆனால் நான் வேலைக்குக் கிளம்பினால், பஸ் கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நிற்கிறாள்.

உன் தைரியத்தை யாரும் புத்தகத்தில் எழுத மாட்டார்கள். எனக்கும் அதைப் பாராட்ட மனம் வரவில்லை அம்மா. எங்களில் ஒருத்தி உன் கையைப் பிடித்திருக்கலாம்.

இந்த வீட்டில் உன் சீட்டில் இப்போது நான் இருக்கிறேன். அவள் தன் காலில் நிற்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். என்றாவது ஒருநாள் அவளிடம் "நீ கிளம்பு" என்று நானும் சொல்ல வேண்டி வரலாம். அப்போது கீழே யாரும் வரவில்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். போவதா இருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

பிந்தி வந்த,
உன் பெரிய பொண்ணு