சோம்வாரி என்று எழுதப்பட்ட திங்கள்

தம்பி,

இன்று காலை கப்பல் அலுவலகத்துப் பலகையில் தீவிலிருந்து மெயின்லேண்ட் செல்வோரின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. புளித்த மைதா வாடை அடித்தது. மூக்கு தாளில் படுமளவுக்குக் குனிந்து 'டி' வரிசையில் உன் மகளின் பெயரைத் தேடினேன். இல்லை. நானே கையெழுத்திட்டுக் கொடுத்ததை மறந்து தேடியிருக்கிறேன். 'எஸ்' வரிசையில் இருந்தது: சோம்வாரி, பெண், வயது பதினேழு. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தார்கள்.

நீ போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உன்னோடு பேசி முடிக்காத சண்டை ஒன்று எனக்கு இருக்கிறது. எழுதியாவது முடிக்கப் பார்க்கிறேன்.

பெயர் வைத்த நாள் உனக்கு மறந்திருக்காது. சாத்தம் மரமில்லில் உனக்குத் தந்திருந்த ஒற்றை அறையில் நான்கு பேர் சேர்ந்து உட்கார முடியாது என்பதால், டெலானிபூரில் என் குடியிருப்பிலேயே வைத்துக்கொண்டோம். பாயசம் முடியும் முன்பே ஆளுக்கொரு பெயரோடு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு வங்காளிக்காரர், "தாரா ரக்கோ, தாதா. தாரா மானே ஸ்டார்" என்றார். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த மலையாள நர்ஸம்மா விடவில்லை: "அம்பிளின்னு இடூ. அம்பிளின்னா சந்திரன்."

"அது எங்க அம்புலிதான் சேச்சி. உங்க ஊருக்கு வந்து இளைச்சுப் போச்சு" என்றாய் நீ.

துணிக்கடை பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க வாப்பாவுக்கு ஏழு புள்ளைங்க. ஷம்சுதீன் சூரியன், கமருன்னிசா சந்திரன், நஜ்முன்னிசா நட்சத்திரம். மழைக்காலத்துல ஊரே வானம் தெரியலம்பாங்க. எங்க வீட்ல மூணும் ஒண்ணா உக்காந்து சோறு தின்னும்."

நீ கேட்டது எளிய பெயர். "சந்திரான்னு வச்சிருவோம்ணே. வங்காளிக்கும் தெரியும், தெலுங்கனுக்கும் தெரியும், ஆபீஸ் பாபுவுக்கும் தெரியும். இந்தத் தீவுல எவன் வேணாலும் கூப்பிடலாம்."

நீ சொன்னதுதான் அறிவு. நான் சொன்னது படிப்பு. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு, தமிழ் தேவைப்படாத அலுவலகத்தில் கோப்பு தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு அதைக் காட்ட வேறு இடம் வாய்க்கவில்லை. "திங்கள்னு வை" என்றேன். "சந்திரனுக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது."

"திங்கக்கிழமைன்னு கேலி பண்ணுவாங்களேண்ணே!"

"அடுத்தது பொறந்தா செவ்வாயா சார்?" என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் மனைவி மட்டும் குழந்தையின் காதருகே குனிந்து அந்தப் பெயரை இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. "சரிங்குது" என்றாள். அத்துடன் முடிவாயிற்று.

பதிவு செய்யக் கூட வருகிறேன் என்று சொன்னவன் நான். அந்த வாரமே மாயாபந்தருக்குப் படகேறச் சொல்லி உத்தரவு வந்தது. நான் திரும்பும் வரை பொறுக்காமல், அரைநாள் விடுப்புப் போட்டு நீ தனியாகப் போனாய்.

உன் இந்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்பதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். மில்லில் வேலைமுறை எழுதிய பலகையிலிருந்து வந்தது. சோம்வார் காலை ஷிப்ட், மங்கல்வார் மாலை ஷிப்ட் என்று மேஸ்திரி உரக்கப் படித்ததைக் கேட்டு, திங்கட்கிழமைக்குச் சோம்வார், செவ்வாய்க்கு மங்கல்வார் என ஏழு கிழமைகளையும் கற்றிருந்தாய். மரத்துக்கும் விடுமுறைக்கும் அவசரத்துக்கும் சொல் தெரியும். மில்லில் எவரும் நிலவைப் பற்றிப் பேசியதில்லை.

"திங்கள்" என்ற சொல்லைப் பிறப்புப் பதிவு அலுவலகத்து எழுத்தரால் எழுத முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு "மத்லப் க்யா ஹை?" என்று பொருள் கேட்டார். உனக்குத் தெரிந்த கேள்வி, விடையும் தெரியும். "சோம்வார், சாப்!" என்றாய். ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள் பிறந்த கிழமையையே பெண்ணுக்குப் பெயராக வைப்பதை அவர் அன்றாடம் எழுதுகிறவர். "அச்சா, சோம்வாரி" என்று முடித்தார். இந்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத நீ, காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டு, சலாம் வைத்துவிட்டு வந்தாய்.

அவளுக்கு ஆறு வயதாகி, உன் வாய்ச்சொல்லை நம்பிப் பள்ளியில் திங்கள் என்றே சேர்த்துக்கொண்ட பிறகுதான் அந்தக் காகிதம் என் கண்ணில் பட்டது. அன்று நான் போட்ட சத்தத்துக்கு நீ சிரித்தாய். "பேரு நாம கூப்பிடுறதுதானண்ணே. காகிதமா அவள சாப்பிட வான்னு கூப்பிடப் போகுது?"

மனு எழுதலாம் என்றேன். அப்போது உன் சிரிப்பு நின்றது. "எழுதுனா, யாரு சொன்னதுன்னு கேப்பாங்க. நாந்தான் சொன்னேன்னு மட்டும் எழுதிராதீங்கண்ணே. புள்ள இந்தியில வகுப்புல மொத மார்க்கு வாங்குது. அப்பனுக்கு நிலாவுக்கு இந்தி தெரியலன்னு அதுக்குத் தெரிய வேணாம்." நான் சரி என்றேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நீ ஆண்டுகளைத் தள்ளினாய். பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். மனு என் தலையில் விழுந்தது.

சென்னையில் நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. பள்ளிச் சான்றிதழில் திங்கள், பிறப்புச் சான்றிதழில் சோம்வாரி. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றார்கள். நான்கு மனுக்கள் எழுதினேன். குழந்தை பிறந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பிறந்தவளுக்குத் திங்கட்கிழமை என்று யார் பெயர் வைப்பார் என்று கேட்டிருந்தேன். 'பிறந்த தேதியே எமது பதிவேட்டில் உள்ளது. கிழமை இல்லை' என்று பதில் வந்தது. நானும் முப்பது ஆண்டுகள் இப்படிப் பதில் எழுதியவன். அந்த வாக்கியத்தில் ஓட்டை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் நேரிலேயே போனேன். அதிகாரி இளைஞர்; நாற்காலி கொடுத்தார், தேநீரும் வரவழைத்தார். "எழுத்தர் மீது குற்றம் சொன்னால் விசாரணை வேண்டும், அவர் ஓய்வுபெற்று ஊருக்கே போய்விட்டார். தகவல் தந்தவரே தவறாகச் சொல்லியிருந்தால் திருத்துவதற்கு விதி இருக்கிறது. குழந்தையின் தந்தை அப்படி ஏதும் சொன்னாரா?"

கதவு திறந்திருந்தது, தம்பி. ஒரே ஒரு 'ஆம்' போதும். உன் மகள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றேன்.

வெளியே வந்ததும், ஓராண்டு பொறுப்போம், மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் நின்றாள். "பெரியப்பா, பேரு நீங்க வச்சது. சீட்டு நான் வாங்கினது. ஒரு வருசம் போனா அது வேற ஆளுக்குப் போயிரும். சோம்வாரி ஊசி போட்டா நோயாளிக்குக் காய்ச்சல் எறங்காதா?"

பள்ளிச் சான்றிதழை மாற்றுவது எளிது. குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் உறுதிமொழி போதும். நானே எழுதினேன்: 'இப்பெண் பிறந்த நாள் முதல் சோம்வாரி என்ற பெயராலேயே அழைக்கப்பட்டு வருகிறாள். பள்ளி ஆவணங்களில் காணப்படும் திங்கள் என்பது அறியாமையால் நேர்ந்த பிழை.' படிவம் கேட்டதால், என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்டேன்.

பிற்பகலில் விடைபெற வந்தாள். நாளை மறுநாள் கப்பல். புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பா அன்னிக்கு ஆபீஸ்ல என்னதான் பெரியப்பா சொன்னாரு?"

"திங்கள்னுதான் சொன்னான். சரியாத்தான் சொன்னான்."

"அப்ப அந்த பாபு காதுலதான் பஞ்சு" என்று சிரித்தாள். முகம் அறியாத ஒரு மனிதரை நினைத்துச் சிரித்தபடியே படியிறங்கிப் போனாள்.

நான் அவளிடம் சொன்னதில் பொய் இல்லை. திங்கள் என்றாய்; அது அவள் பெயர். சோம்வார் என்றாய், திங்களுக்கு அதுவும் பொருள்தான். எழுத்தர் கேட்டதை எழுதினார். அதிகாரி விதியைச் சொன்னார். ஒருவரும் தவறு செய்யவில்லை என்றுதான் கோப்பு முடிகிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் மானமா, அவள் பெயரா என்று கேட்ட இடத்தில், அவளைக் கேட்காமலே அவள் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அது தெரியாது. உன் பொருட்டு அவளிடம் மறைத்ததை இனி நான்தான் சுமக்க வேண்டும். இறக்கி வைக்க நீயும் இங்கே இல்லை.